பதினொன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

அண்ணா,

இன்று காலை உங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரப்பாக்கத்துத் தங்கை வீட்டோடு போனபோது, "தம்பி, இதை நீங்களே வச்சுக்குங்க" என்று துணிப்பையில் போட்டுக் கொடுத்தது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேனா, ஏதோ ஒன்று பெயர்ந்து வந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கர் பொட்டு. நடுவில் வெள்ளைக்கல் வைத்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி காப்பியோடு வந்தாள்.

"இன்னா அது கையில?"

"பொட்டு."

"அது தெரியுது. யாருது?"

"இது ராக்கெட் வுடற பொட்டு மே."

"அம்பத்தெட்டு வயசாவுது. இன்னும் புளுகறத வுடல பாரு" என்று டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொல்கிற உண்மைகளுக்கெல்லாம் இந்தக் கதிதான் அண்ணா. உங்களுக்குக் கண் மங்கிப்போனதால் விரல் தடவிக் கண்டுபிடிக்கட்டும் என்று, ஸ்பேஸ் பார் நடுவில் அண்ணி தன் நெற்றிப் பொட்டு அட்டையிலிருந்து எடுத்து ஒட்டியது அது. அதை அழுத்தினால் நம் கம்ப்யூட்டர் விளையாட்டில் ராக்கெட்டின் அடுத்த எஞ்சின் பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் ராக்கெட் விடுகிற பொட்டுதானே? இதில் புளுகு எங்கே இருக்கிறது?

காப்பி ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிற கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னைப்போல ஒரு கடிதம் எழுத இந்த சேலையூர் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு முதல்முதலாகத் தண்ணி கேன் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டாவது மாடி. காம்ப் ரோட்டில் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு, சந்துக்குள் நடந்து, படியேறி வந்து கேனை இறக்கினேன். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ரயில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று கீழ்வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெரிய மனுஷரிடம் நாமும் நாலு வார்த்தை எடுத்துவிடலாம் என்று, "இருவது வருஷமா இதே வேலை சார். ஒரே நேரத்துல நாலு கேன் தூக்கினு மூணு மாடி ஏறுவேன்" என்றேன்.

நீங்கள் சிரிக்கவே இல்லை. "கை எத்தனை?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு சார்."

"மிச்ச ரெண்டு கேன் எங்க இருந்துச்சு?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பெருவெள்ளத்தில் அனகாபுத்தூர் ஆற்றோரம் தண்ணி கேன்களைக் கயிற்றில் கட்டி மிதவை செய்து ஆட்களைக் கரையேற்றிய கதையை உங்களிடம் எத்தனையோ தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "போன மாசம் இருபத்தாறு பேர். இன்னிக்கு நாப்பது. வெள்ளம் வடிஞ்சப்புறமும் நீ ஆளைக் காப்பாத்திட்டே இருக்கியேய்யா" என்பீர்கள். உங்களுக்கு எழுதுவதால் சொல்கிறேன். பதினொரு பேர். அதில் ஒன்று ஆடு.

சார் என்பது அண்ணா ஆக இரண்டு மாதம் பிடித்தது. பிற்பகல் மூன்று மணிக்கு என் ரவுண்டு முடியும். கடைசி கேனை உங்கள் வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். ஏன் என்றால் அண்ணியின் காப்பி. அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன உங்கள் மகள் விட்டுப்போனது. அப்பா சும்மா உட்கார்ந்தால் சுணங்கிவிடுவார் என்று அதில் விண்வெளி விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தது. நாமே ராக்கெட் கட்டவேண்டும், நாமே ஏவவேண்டும், வெடித்தால் நாமே அசடு வழியவேண்டும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நான் முதலில் நினைத்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: "முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்து மேலயே ஓட்டினேன்யா. லெப்டு ரைட்டுகூட என் இஷ்டம் கிடையாது. இதுல மேலயும் போலாம்."

சர்க்கரை உங்கள் கண்ணில் கை வைத்தது அந்த வருஷம்தான். முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு ஓட்டினீர்கள். பிறகு அதுவும் போதவில்லை. வேலையில் இருந்தபோது ஒவ்வொரு கண் சோதனைக்கும் முன்னால் மூன்று நாள் கேரட்டாகத் தின்றுவிட்டுப் போவீர்களாம். "ரிட்டையர் ஆகற வரைக்கும் கண்ணு பாஸ். வீட்டுக்கு வந்தப்புறம் பெயில். அந்த மட்டும் மரியாதை தெரிஞ்ச கண்ணு" என்று சிரித்தீர்கள். சிரித்த கையோடு, "யோவ், அந்த மூலையில ஓடுதே, அது என்ன நம்பர்னு படி" என்றீர்கள்.

இங்கிலீஷ் எழுத்து என்னைப் பார்த்தால் முறைக்கும். ஆனால் நம்பர் நமக்குத் தோஸ்த். படித்தேன். அப்படியே என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டீர்கள்.

அதற்கு நீங்கள் வைத்த முறை இருக்கிறதே, அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்களாம். சிக்னல் தெரிந்ததும் துணை டிரைவர் கையை நீட்டி "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். டிரைவரும் அதைப் பார்த்து "பச்சை" என்று திருப்பிச் சொல்லவேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. "ஒருத்தன் சொல்லணும், ஒருத்தன் திருப்பிச் சொல்லணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் வண்டி நகரும்" என்றீர்கள். நமக்கும் அதே முறை. நான் உயரத்தையும் வேகத்தையும் படிப்பேன். நீங்கள் திருப்பிச் சொல்லி, விசையை அழுத்துவீர்கள்.

"பன்னெண்டாயிரத்து முந்நூறு மீட்டர்" என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ராக்கெட் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் ஆயிரத்தை முழுங்கிவிட்டு, "பன்னெண்டு மூணு" என்று சுருக்கினோம். நான் நடுவில் "சும்மா சொல்லக்கூடாதுண்ணா, இன்னா மாதிரி ஏறுது தெரியுமா, நெருப்பு இப்பிடி" என்று ஆரம்பித்தால் உடனே வெட்டுவீர்கள்.

"கதை வேணாம்யா. நம்பர் சொல்லு."

ஒரு நாள் அண்ணி கேட்டது. "ஏங்க, தம்பியே பார்த்துட்டுத் தம்பியே அமுக்கட்டுமே. நீங்க பக்கத்துல உட்கார்ந்துக்கலாமில்ல?"

உங்கள் முகம் சட்டென்று மாறியது. "பக்கத்துல உட்கார்றதுக்குப் பேரு பாசஞ்சர்டி. எனக்குக் கண்ணுதான் போச்சு. கை இருக்கில்ல?"

மறுநாள் ஸ்பேஸ் பாரில் பொட்டு இருந்தது.

அப்புறம்தான் அந்த டெஸ்ட் வந்தது. விளையாட்டுக்குள்ளேயே எஞ்சின் செய்கிற கம்பெனிகள் உண்டல்லவா, அதில் ஒன்று நம்மிடம் புது எஞ்சின் ஒன்றைக் கொடுத்து ஒரு நிபந்தனை போட்டது. பறந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றவைத்துக் காட்டவேண்டும். உயரம் ஒன்பதாயிரம் மீட்டருக்கும் பதினோராயிரத்துக்கும் நடுவே. வேகம் விநாடிக்கு இருநூற்றெண்பதிலிருந்து முந்நூற்று நாற்பது மீட்டருக்குள். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற நேரத்தில் பற்றவைத்தால் எஞ்சின் நமக்கு. இல்லையென்றால் இல்லை. அது கிடைத்தால்தான் நிலாவுக்குப் போகிற வண்டி கட்ட முடியும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்கள்.

பார்க்கச் சின்ன வேலை. போட்ட பாடு எனக்குத் தெரியும். நாற்பது தடவை முயற்சி செய்தோம். சரி, ஒன்பது தடவை. நம்மிடம் அப்போது இருந்தது தீபாவளி வாணம் மாதிரியான எஞ்சின். கொளுத்தினால் தீரும்வரை எரியும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பதினோராயிரத்தை எட்டுவதற்குள் வேகம் நானூறைத் தாண்டிவிடும். மருந்தைக் குறைத்தால் ஒன்பதாயிரத்துக்கு வந்து சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். உயரம் சரியென்றால் வேகம் சரியில்லை. வேகம் சரியென்றால் உயரம் சரியில்லை.

ஒன்பதாவது ராக்கெட்டும் சொதப்பியபோது நீங்கள் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். அப்போது நான் சொன்னேன். இதை நான்தான் சொன்னேன், அண்ணிகூட சாட்சி.

"அண்ணா, நான் மூணாவது மாடிக்குக் கேன் போடப் போனா, ஏறும்போதும் ரெண்டாவது மாடி வருது. இறங்கும்போதும் ரெண்டாவது மாடி வருது."

"அதுக்கு?"

"இறங்கும்போது கொளுத்தினா இன்னா?"

நீங்கள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "ஏறும்போதுதான் கொளுத்தணும்னு அவன் எங்கயும் போடலை, இல்ல?" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, அண்ணியை அழைத்து அந்த நிபந்தனையை இரண்டு தடவை படிக்கச் சொன்னீர்கள். எங்குமே போடவில்லை. ராக்கெட்டைப் பதினாறாயிரத்துக்கு மேல் அனுப்பவேண்டும். உச்சியில் ஒரு கணம் நிற்கும். மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழத் தொடங்கும். விழ விழ வேகம் ஏறிக்கொண்டே வந்து, பதினோராயிரத்துக்கு வரும்போது முந்நூறு பக்கத்தில் இருக்கும். அதிலிருந்து ஒன்பதாயிரம்வரை ஆறு விநாடி. அந்த ஆறு விநாடிக்குள் புது எஞ்சினைப் பற்றவைத்துவிட்டு, பாராசூட்டை விரித்து இறக்கிவிடலாம்.

"யோவ் தண்ணி, உனக்குள்ள ஒரு விஞ்ஞானி உட்கார்ந்திருக்கான்யா" என்றீர்கள். இதை நான் அடுத்த ஒரு வாரம் நூறு கடையிலாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் பிற்பகல் ஏவினோம். பதினாறு ஐந்துக்குப் போய் நின்றது. கவிழ்ந்தது. நான் படிக்கத் தொடங்கினேன். பதினாலு. பதிமூணு. பன்னெண்டு. திரையில் 11,400 என்று ஓடியது. அதைப் "பதினொண்ணு நாலு" என்று சொல்லியிருக்கவேண்டும். "பதினொண்ணு!" என்று கத்திவிட்டேன். நானூறு மீட்டர் எனக்கெல்லாம் ஒரு கணக்கா? காம்ப் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப்கூட வராது. எண்ணத்தில் வந்ததைக் கொஞ்சம் உருட்டிச் சொல்லியே பழகிய வாய்.

"பதினொண்ணு" என்று திருப்பிச் சொல்லிப் பொட்டை அழுத்தினீர்கள். எஞ்சின் பற்றிக்கொண்டது. ஒரு தடவை பற்றினால் பற்றியதுதான்.

திரையில் நிபந்தனை காட்டுகிற பெட்டியைத் திறந்து வைத்தால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் திணறும் என்று, எல்லாம் முடிந்த பிறகுதான் திறப்போம். திறந்தேன். உயரத்துக்கு டிக் விழவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"டிக் வந்துச்சா?" என்றீர்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன் அண்ணா. சின்னப் பிள்ளை பரிசுக்கு நிற்கிற மாதிரி முகத்தைத் திரைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"வந்துச்சுண்ணா! ரெண்டும் பச்சை! செம்ம பச்சை!"

மேசையை ஓங்கித் தட்டினீர்கள். "அடியே, கேசரி கிண்டு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தீர்கள். மகளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னு யாரும்மா சொன்னது? இறங்கற வண்டியில டெஸ்ட் முடிச்சேன்" என்றீர்கள். அந்தக் கேசரி என் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நன்றாகவே இறங்கியது. முந்திரி போட்டிருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். படி இறங்கும்போதுதான் ஏதோ ஒன்றை மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கேனோடு வந்தேன். அண்ணி போனைக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றது. புது எஞ்சினைக் காட்டுங்கள் என்று மகள் கேட்டிருக்கிறது. போனிலிருந்து குரல் கேட்டது. "அப்பா, டெஸ்ட் இன்னும் முடியலையே. பதினோராயிரத்து நானூறுல பத்த வச்சிருக்கீங்கன்னு காட்டுது. கொஞ்சம் சீக்கிரம் அமுக்கிட்டீங்க, அவ்ளோதான்."

நீங்கள் போனை வைக்கும்வரை காத்திருந்தேன். கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"பதினொண்ணுன்னியே."

"பதினொண்ணு நாலுண்ணா. நாலு வாயில வரல."

"அது போகட்டும். வாய் தவறும். எனக்கும் தவறியிருக்கு." திரைப்பக்கம் விரலை நீட்டினீர்கள். "டிக்?"

நான் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லைன்ல சிக்னல் விளக்கு அணைஞ்சு இருட்டா இருந்தா, அதைச் சிவப்புன்னு எடுத்துக்கணும். வண்டியை நிறுத்திடணும். அதான் ரூல். நீ எனக்கு இருட்டு சிக்னல் ஆயிட்டய்யா" என்றீர்கள். குரல் கோபமாகக்கூட இல்லை. "நான் நின்னுட்டேன். கேனை உள்ள வச்சிட்டுப் போ."

அதற்கப்புறம் பதினொரு நாள். கேன் போடுவேன். அண்ணி காப்பி கொடுக்கும். நீங்கள் "வாய்யா" என்பீர்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. அண்ணி ஒரு நாள் படிவரை வந்து மெல்லிய குரலில் சொன்னது. "பகல் பூரா அந்தச் சேர்லயே உட்கார்ந்திருக்காரு தம்பி. டிவி வேணாங்கறாரு. தாம்பரத்துப் பக்கமிருந்து ரயில் சத்தம் வந்தா, அஞ்சு நிமிஷம் லேட்டு, அப்படீங்கறாரு. வேற பேச்சே இல்ல. கம்ப்யூட்டரை யாருக்காவது குடுத்துடுன்னு நேத்து சொல்லிட்டாரு."

என்னைப் புளுகன் என்று ஊரே சொல்லும். அது எனக்கு மாலை போட்ட மாதிரி. ஆனால் என் வாயால் ஒரு டிரைவர் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார் என்பதை எந்தக் கடையில் போய்ச் சொல்வது? லோடு ஆட்டோவில் போகும்போது வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். "முப்பத்திரண்டு. முப்பத்தஞ்சு. இருவத்தெட்டு." சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர், "இன்னாபா, தனியா ஏலம் வுடறியா?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்து கேனை இறக்கிவிட்டு, போகாமல் நின்றேன்.

"அண்ணா, நான் புளுகன்தான். ஒத்துக்கறேன். ஆனா நீங்க மறுபடியும் ஓட்டணும். அண்ணியப் பக்கத்துல உட்கார வைங்க. நான் சொல்ற நம்பர் சரியான்னு அவங்க பார்க்கட்டும். ஒண்ணு தப்புன்னாலும் செருப்பால அடிங்க."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இப்ப எத்தனை கேன் தூக்கிட்டு வந்த?"

"ரெ..." என்று வாய் எடுத்தேன். நிறுத்தினேன். "ஒண்ணுண்ணா. மூட்டு வலி. ரெண்டு வருஷமா ஒண்ணொண்ணாத்தான் தூக்கறேன்."

அதை என் வீட்டுக்காரியிடம்கூட நான் சொன்னதில்லை.

நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டீர்கள். பிறகு, "அந்தத் துண்டை எடு" என்றீர்கள்.

அண்ணி ஒரு பக்கம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என்னைச் சோதித்தது. அம்மாடி, டிக்கெட் பரிசோதகர்கள் தோற்றார்கள்.

"பதினாலு ஒண்ணு" என்பேன்.

"பதினாலு ரெண்டுங்க" என்று அண்ணி சொல்லும்.

"ஓடற நம்பர் அண்ணி! உங்க வெண்டைக்கா மாதிரி நிக்குமா?"

"இறங்கற வண்டியில ரெண்டுக்கு அப்புறம்தான் ஒண்ணு வரும் தம்பி. நீங்க முந்திட்டீங்க."

நீங்கள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு தப்பு செய்யலாம் போலிருக்கும். செய்யவில்லை. மூன்று வாரம் வெறும் பயிற்சிதான். புது எஞ்சினை ராக்கெட்டில் மாட்டவே இல்லை. மூன்றாவது வாரம் அண்ணி தலையை நிமிர்த்தாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், மேலே தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வழக்கம்போல வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி சமையலறையில் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாம் கூப்பிட்டால்கூடக் கேட்காது. உங்களுக்கு அதற்குள் இடது கண்ணும் வெளிச்சம் மட்டும் என்று ஆகியிருந்தது. நெருப்பு பற்றும்போது திரையில் ஒரு வெள்ளை தெரியும், அவ்வளவுதான்.

"புது எஞ்சினை மாட்டு" என்றீர்கள்.

"அண்ணி வந்துடட்டுமேண்ணா."

"அவ வேலையா இருக்கா. நாம போலாம்."

போனோம். பதினாறு நாலில் நின்றது. கவிழ்ந்தது.

"பதினஞ்சு ரெண்டு. வேகம் நூத்தி நாப்பது."

"பதினஞ்சு ரெண்டு. நூத்தி நாப்பது."

"பதிமூணு அஞ்சு. இருநூத்தி இருவது."

"பதிமூணு அஞ்சு. இருநூத்தி இருவது."

"பதினொண்ணு நாலு. இருநூத்தி எண்பத்தெட்டு."

அந்த நாலு என் வாயிலிருந்து வந்ததும் உங்கள் உதடு கொஞ்சம் அசைந்தது. பொட்டின் மேல் விரல் நின்றுகொண்டிருந்தது. அழுத்தவில்லை.

"பத்து ஆறு. முந்நூத்தி அஞ்சு."

"பத்து ஆறு" என்றீர்கள். அழுத்தினீர்கள்.

வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. நான் பெட்டியைத் திறந்தேன். இரண்டு டிக். இரண்டும் பச்சை.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னே ஒரு தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொன்னவன் நான். அதை நினைத்து எழுந்தேன். "இருங்க, அண்ணியக் கூட்டினு வரேன். அவங்களும் பார்த்து..."

உங்கள் கை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது.

"எதுக்கு? அதான் நீ சொல்லிட்டியே."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் கத்தினீர்கள். "யோவ், பாராசூட்டை விரிய்யா! வண்டி விழுது!"

விரித்தேன். அது ஒழுங்காக இறங்கியது. நிலாவுக்கும் போனோம். இறங்கின கையோடு ராக்கெட் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. "தடம் புரண்டுச்சுன்னு எழுதிக்கோ" என்று நீங்கள் சிரித்தீர்கள். திரும்பி வர வழி கிடைக்கவில்லை. இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தீர்கள், எழவில்லை. வலி இல்லை, இழுத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி சொன்னது. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணி என் கேன்தான்.

சேலையூர் டீக்கடையில் இந்தக் கதையை அடிக்கடி எடுத்துவிடுவேன். ராக்கெட் போன உயரம் சமயத்தில் கூடும். நிலாவில் நாம் கொடி நட்டதாகக்கூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் பாதியைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் நேரம் சொன்னால் போனை எடுத்து மணி பார்ப்பார்கள். மழை வருது என்றால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் உப்பு இருக்கிறது என்று நான் சொன்னால் வீட்டுக்காரி டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஐம்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் நீங்கள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்ததை மட்டும் இதுவரை எந்தக் கடையிலும் சொன்னதில்லை அண்ணா. சொல்லக்கூடாது என்றில்லை. இரண்டு மூன்று தடவை வாய்வரை வந்தது. எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தேன். அதைப் பெரிதாக்க இடமே இல்லை.